அங்க அடையாளம்

வாயை மூடிவிட்டாள். இனி பத்து நிமிஷம் அவள் பேச முடியாது. நான் பேசியாக வேண்டும். சலோமி சிஸ்டர் வழக்கம்போல மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நுணுக்கி, பொடியைக் கஸ்தூரியின் நாக்குக்கு அடியில் தட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து இருபது என்று நோட்டில் குறித்துக்கொண்டார். "விழுங்காத, பேசாத, குனியாத." நூற்று ஐம்பத்தொரு நாளாக இதே மூன்று வார்த்தை. போதை ஊசி இல்லாமல் ஒரு நாள் தாங்காதவர்களுக்குப் பெரியாஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை இது. ஊசி கேட்கிற உடம்பை ஒரு நாளைக்குச் சும்மா இருக்க வைக்கும்; மறுநாள் மறுபடி வரவேண்டும். நாக்குக்கு அடியிலேயே கரைந்தால்தான் வேலை செய்யும். சிலர் கன்னத்தில் ஒதுக்கி வைத்து வெளியே போய்த் துப்பி விற்றுவிடுகிறார்கள் என்பதால், கூட வருகிறவர் எதிரில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உதடு அசைகிறதா, தொண்டை ஏறி இறங்குகிறதா, கன்னம் உப்புகிறதா. வேப்பந்தோப்பு இல்லத்தில் வார்டனாக இருக்கும் பதினோரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த வேலைகளிலேயே சுலபமானது இதுதான் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு முடியவில்லை. உதட்டைப் பார்க்கிறேன். உதடு தெரிகிறது, அதற்கு முன்னால் ஒரு பச்சைப் புடவை வந்து நிற்கிறது. காலையில் கேட்டுக்கு வெளியே நின்ற புடவை. இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை. நான் தையல் கொட்டகைப் பக்கம் பார்த்தேனா? அவள் கேட்டபோது, கஸ்தூரி உட்கார்ந்திருந்த அந்தக் கொட்டகைப் பக்கம் என் கண் போனதா, இல்லையா? இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று எட்டே முக்காலிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் கண் எங்கே போனது என்பது நமக்கு எப்படித் தெரியும், எதிரில் நின்றவளுக்குத்தான் தெரியும்.

கஸ்தூரி புருவத்தை உயர்த்துகிறாள். பேசுங்கள் என்று அர்த்தம். இது எங்களுக்குள் வந்துவிட்ட வழக்கம். இல்லத்தில் இருக்கிற பதினெட்டுப் பேரில் வாயாடி இவள்தான். நாளெல்லாம் இவள் பேசுவாள், நான் கேட்பேன். இந்தப் பத்து நிமிஷம் மட்டும் நான் பேசவேண்டும். "இது உங்க ராஜ்ஜியம்க்கா, வச்சு வாங்குங்க" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். அதனால் காலையில் பேப்பரைப் படித்துவிட்டு வந்து சொல்வேன். எந்த ஊரில் பஸ் கவிழ்ந்தது, தக்காளி என்ன விலை, எந்த மந்திரி யாரைத் திட்டினார். அவள் கண்ணாலேயே சிரிப்பாள். ஏழாவது நிமிஷம் வாக்கில் எச்சில் ஊறி உதட்டோரம் வந்துவிடும். என் பையைத் திறந்து அவளே கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொள்வாள். பை. பை என் பக்கத்தில் பெஞ்சில் இருக்கிறது. கைக்குட்டைக்கு மேலே அந்தத் தாள் இருக்கிறது, நாலாக மடித்தது. பையை நகர்த்தி இந்தப் பக்கம் வைத்துக்கொள்ள ஒரு கை நீட்டினால் போதும். "தக்காளி இறங்கிருச்சு" என்கிறேன். அவள் தலையாட்டுகிறாள். நேற்றும் தக்காளி இறங்கிவிட்டதாகத்தான் சொன்னேன். பத்து இருபத்திரண்டு.

அந்த அம்மாள் அழகாகக் கும்பிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மீட்டு வந்த பெண்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போக வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், நானே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். சாதாரணமாகத்தான் இருப்பார்கள், உங்கள் சித்தி மாதிரி இருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள் என்று. ஆனால் அவள் நிஜமாகவே என் சித்தி மாதிரி இருந்தாள். தங்க ஃப்ரேம் கண்ணாடி, கையில் ஆப்பிள் பை, வெயிலில் நடந்து வந்த களைப்பு. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள். நானே உள்ளே போய் எவர்சில்வர் சொம்பில் மோந்துகொண்டு வந்து கேட்டின் கம்பி வழியாகக் கொடுத்தேன். அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். "பொம்பளைப் பிள்ளைகளுக்கு நல்ல காரியம் பண்றீங்கம்மா. ஒங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்." எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் அவள் பையிலிருந்து எங்கள் காலண்டரின் மார்ச் மாதத் தாளை எடுத்தாள். எங்கள் இல்லத்துக்கு உதவுகிறவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் அனுப்புகிற மாதக் காலண்டர். மாதத்துக்கொரு படம். மார்ச் மாதத்துக்கு மஞ்சள் துணிப்பை தைக்கிற ஒரு கை. அந்தக் கையில் ஆள்காட்டி விரலைச் சுற்றிச் சிவப்பு பால்பாயிண்டில் ஒரு வட்டம். "மருந்துக் கடையில தொங்குச்சு. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கடைக்காரர் நல்ல மனுசர், வழியும் சொன்னார். இது எங்க ஷீலா கையில்ல? நான் அவ பெரியம்மா." ஷீலா. இல்லத்தில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கு என்ன பெயர் வேண்டுமோ வைத்துக்கொள்ளச் சொல்வோம். இவள் கஸ்தூரி என்று வைத்துக்கொண்டாள், எங்கோ போகிற பஸ்ஸில் எழுதியிருந்ததாம். சொந்தப் பெயர் பீரோவில் பூட்டின ஃபைலில் இருக்கிறது. ஷீலா என்பது அவளை வைத்துத் தொழில் நடத்தின லாட்ஜில் அவர்கள் வைத்த பெயர். அதுவும் ஃபைலில்தான் இருக்கிறது. "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் சந்தேகமில்லை. கண்? "இருக்கட்டும்மா. வந்தா குடுங்க" என்று தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டு, ஆப்பிளை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தி எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

நாற்பது படம் எடுத்தார் அந்தப் போட்டோக்காரர். முகம் கூடாது, முதுகு கூடாது, ஜடை கூடாது என்று நான் கூடவே நின்று சொன்னேன். பின்னால் கண்ணாடியில் முகம் விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். கட்டடத்தின் பெயர்ப் பலகை விழக்கூடாது என்று ஒரு போர்வையை மாட்டினேன். அவ்வளவு ஜாக்கிரதை. "அப்ப கை மட்டும்தான் மேடம் மிச்சம்" என்றார். கை எடுங்கள் என்றேன். கஸ்தூரி கையைத் துணிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "இந்தக் கை வேணாம்க்கா. அசிங்கமா இருக்கு. பவானி கைய எடுக்கச் சொல்லுங்க, மருதாணியெல்லாம் வச்சிருக்கா." இடது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது, நுனி நசுங்கித் தட்டையாக இருக்கும். புறங்கையில் ஊசி சீழ் வைத்து ஆறின இடத்தில் ஒரு பள்ளம், ஒரு புளியங்கொட்டை உட்காரலாம். நான் என்ன சொன்னேன்? "யாரு கைய யாருக்குத் தெரியப்போகுது? அழகாத்தான் இருக்கு, காட்டு." இதைச் சொன்ன வாயால்தான் தினமும் பேப்பர் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். போட்டோக்காரர் அந்தக் கையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "இதுல ஒரு கதை இருக்கு மேடம்." நாற்பதில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது அவரில்லை, செயலாளரில்லை, நான். அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். முகம் தெரியாத வகையில் படம் எடுக்க எனக்குச் சம்மதம். அந்தக் கடித வாசகமும் நான் எழுதியது; ஒரே பக்கத்தில் முகம் என்று மூன்று இடத்தில் வரும். அதோடு விட்டதா? சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. அங்க அடையாளம், ஒன்று, இரண்டு. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் மச்சம் எழுதுகிற மாதிரி. கஸ்தூரி வந்த அன்று இந்தக் கையால் எழுதினேன்: ஒன்று, இடது ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. இரண்டு, இடது புறங்கையில் பள்ளத் தழும்பு. அடையாளம் என்று எழுதிப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, அதே அடையாளத்தை ஆர்ட் பேப்பரில் ஆயிரம் காப்பி அடித்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு கூட்டமில்ல? எல்லாரும் திருந்திட்டாங்களா?" ஆட்டோ ஓட்டுகிற துரைக்கண்ணு நுழைகிறார். இரண்டு வருஷமாக வருகிறவர். இந்த அறையில் பேச வாய் உள்ளவர் யாராவது ஒருத்தர்தான் இருக்க முடியும், அவர் வந்தால் அவர்தான். "நீ லேட்டு. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா பூட்டியிருப்பேன்" என்கிறார் சலோமி சிஸ்டர். "பூட்டிருவீங்களா, வீட்டுக்காரி ஒங்க மேல கேஸ் போட்டுருவா. பத்து நிமிஷமாச்சும் இந்த மனுசன் வாய மூடுறது இங்கதான்னு தினம் ஒங்கள கும்பிட்டுட்டுத்தான் சோறே திங்கிறா." கஸ்தூரியின் தோள் குலுங்குகிறது. சிரிக்கக் கூடாது, சிரித்தால் விழுங்கிவிடுவாள். "ஏத்தா, சிரிக்காத, அரசாங்கச் சொத்து உள்ள இருக்கு" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டுகிறார். பொடி போகிறது. வாய் மூடுகிறது. கதவோரத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பத்து இருபத்தைந்து. பேசவேண்டியவள் நான் ஒருத்திதான்.

பவளம் என்று ஒருத்தி இருந்தாள். நான் வேலையில் சேர்ந்த வருஷம். அவளைப் பார்க்கவும் ஒருத்தி வந்தாள், பெற்ற தாய் என்று சொல்லிக்கொண்டு. வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்திருந்தாள். அழுதாள். நான் புதுசு, என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது, பார்க்க விட்டேன். வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு பழத்தைப் பாதியாகப் பிட்டுத் தின்றார்கள். அந்த அம்மாள் ஒரு போதைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் பவளம் சுவரேறிப் போய்விட்டாள். ஏழு மாதம் கழித்துப் பேப்பரில் நாலு வரி. அடையாளம் தெரியாத பெண், வயது சுமார் இருபத்தைந்து, வலது முன்கையில் மீன் உருவம் பச்சை குத்தியுள்ளது, தகவல் தெரிந்தவர்கள் என்று. மீனைப் படித்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன், அந்த டம்ளர் வைத்த வட்டம் பேப்பரில் இப்போதும் இருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன். முகத்தைப் பற்றி அந்த நாலு வரியில் ஒன்றுமே இல்லை. போலீஸுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, முகம் கடைசிதான் என்று. அதைப் படித்த நான், வெட்டி வைத்த நான், பத்து வருஷம் கழித்துப் போட்டோக்காரரிடம் கை எடுங்கள் என்றேன். கஸ்தூரியின் தொண்டையைப் பார்க்கிறேன். அசையவில்லை. நல்ல பெண். என் பாட்டுக்கு நான் எதையோ நினைத்துக்கொண்டிருக்க, அவள் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறாள். மதியம் மூன்று மணிக்கு வேன் வரும். செயலாளர் போனிலேயே முடிவு செய்துவிட்டார். "அடுத்த மாவட்டத்து இல்லத்துல பேசிட்டேன் ரூபாவதி. இன்னைக்கே அனுப்பிருவோம். பக்குவமா சொல்லுங்க." அங்கே இந்த மாத்திரை கிடையாது என்றேன். "உயிர் முக்கியமா மாத்திரை முக்கியமா?" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி சார் என்றேன். பக்குவமாக எப்படிச் சொல்வது? கஸ்தூரி, உன்னை அனுப்பப்போகிறோம். ஏன்? உன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? இந்த எப்படியைத்தான் தாண்ட முடியவில்லை. கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடலாம், எப்படியோ என்று கையை விரித்துவிடலாம், அவள் நம்புவாள். நான் சொன்னால் நம்புவாள். அப்படி நம்பித்தான் கையைத் துணிக்கு மேலே எடுத்தாள்.

இன்னொன்று. இது இப்போதுதான் தோன்றுகிறது. அந்த அம்மாள் ஏன் அவ்வளவு சாவதானமாகப் போனாள்? உள்ளே வந்து தேடவேண்டிய அவசியமில்லை. ஊசியிலிருந்து மீளுகிறவள் தினமும் காலையில் எங்கே போவாள் என்று அவளுக்குத் தெரியாதா, அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? எதிர்க்கடை நிழலில் நின்றால் போதும். ஒன்பதரைக்கு ஆட்டோ வரும், வார்டனம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். பின்னால் ஒரு ஆட்டோ எடுத்தால் முடிந்தது. நான் கண்ணைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேனா இல்லையா என்று இத்தனை நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். திருப்பியிருக்காவிட்டாலும் ஒன்றுதான். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான ஆட்டோவில், வழக்கமான வழியில் நானே அழைத்து வந்திருக்கிறேன். ஒரு நாள் தவறினால் உடம்பு முறுக்கும் என்ற ஒரே நினைப்பில். ஜன்னல் எனக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கஸ்தூரியும் பார்ப்பாள். திரும்பவில்லை. கழுத்து வலிக்கிறது. பத்து இருபத்தேழு. அவள் உதட்டோரம் எச்சில் மின்னுகிறது.

கை நீள்கிறது. என் பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்கிறது. பையை நகர்த்தியிருக்கலாம், அதற்கு ஏழு நிமிஷம் இருந்தது. நகர்த்தவில்லை. நான் சொல்லவேண்டியதைப் பை சொல்லட்டும் என்று எனக்குள் யாரோ ஒருத்தி முதல் நிமிஷமே முடிவு செய்திருக்கிறாள், அவளை இப்போதுதான் பார்க்கிறேன். கஸ்தூரி தாளை எடுத்தாள். கைக்குட்டையைத்தான் தேடினாள், தாள் கையோடு வந்துவிட்டது. எங்கள் காலண்டர் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு குறும்பு, தன் கை அச்சில் வந்திருக்கிறதே என்று. பிரித்தாள். சிவப்பு வட்டம். அந்த வட்டத்தை அவள் பார்த்தாள், அப்புறம் மடியில் கிடந்த தன் விரலைப் பார்த்தாள், அப்புறம் என்னை. ஓடிப்போவாள் என்று நினைத்தேன். துப்புவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். வாய் திறந்தால் இன்றைய மாத்திரை போச்சு, சிஸ்டர் இன்னொன்று தரமாட்டார், சட்டம் அப்படி. அவள் மூக்கு விடைக்கிறது. கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் இறங்கி உதட்டுக்கு வருகிறது, உதடு ஒட்டியே இருக்கிறது. தொண்டை ஒரு தடவை மேலே ஏறப் பார்த்தது. விரலால், அந்த நகமில்லாத விரலால், தொண்டைக்குழியை அழுத்திப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு நிமிஷம் இருந்தது. இரண்டு நிமிஷத்தில் நூற்று இருபது நொடி. நான் ஒவ்வொன்றையும் எண்ணினேன், எண்ணும்போதே வாய் தன்னால் பேசுகிறது, கேட்டுக்கு வந்தாள், பச்சைப் புடவை, பெரியம்மா என்றாள், இல்லை என்று சொல்லிவிட்டேன், படம் நான்தான் எடுக்கச் சொன்னேன், நான்தான் பொறுக்கினேன், நீ வேண்டாம் என்றாய், நான்தான். தாளை அவள் மறுபடி நாலாக மடித்தாள். பழைய மடிப்பின் மேலேயே, ஓரம் பிசகாமல்.

"ஆ காட்டு" என்றார் சலோமி சிஸ்டர். காட்டினாள். "நாக்கத் தூக்கு. ம், கரைஞ்சிருச்சு." நோட்டில் குறித்தார். கஸ்தூரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடுத்தீங்களாக்கா?" என்றாள். யாருக்கு என்றேன். "வந்தவளுக்கு. எங்க போனாலும் மொதல்ல தண்ணி கேப்பா." கொடுத்தேன் என்றேன். "எல்லாரும் குடுப்பாங்க. எங்கம்மாவும் குடுத்துச்சு." அதைத் தக்காளி விலை மாதிரிச் சொன்னாள். நான் மறுபடி, தப்பு என்னுடையது, முகம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், கையை யோசிக்கவில்லை என்று ஆரம்பித்தேன். "முகம், முகம்னு அலைஞ்சீங்க" என்றாள். "அங்க எவன்க்கா என் முகத்தப் பாத்தான்? வந்துட்டுப் போறவன் பாக்கமாட்டான். ஊசி போடுறவன் நரம்பத் தேடுறவன், அவன் கையத்தான் பாப்பான். மூணு வருசமா கையத்தான் பாத்தான். இந்த விரலு அவளுக்குத் தெரியாம இருக்குமா? இது மேல கதவச் சாத்துனதே அவதான்." சலோமி சிஸ்டர் பேனாவை மூடாமல் அப்படியே வைத்திருந்தார். "என்னைய வேற ஊருக்கு அனுப்பப் போறீங்க, அப்படித்தான? எத்தன மணிக்கு?" மூணு மணிக்கு. "அங்க மாத்திரை இருக்கா?" இல்லை. "அப்ப மூணாம் நாளு நானே அவளுக்குப் போன் போடுவேன்க்கா. நம்பர் இன்னமும் மனப்பாடமா இருக்கு. பூட்டே போடமாட்டா தெரியுமா, கதவு தொறந்தேதான் கெடக்கும். சாயங்காலமானா ஊசிக்கு நாமளே வந்து நிப்போம்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என் தோளுக்கு மேலே, ஜன்னலைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை, அவள் நகமில்லாத விரல் முந்தானைக்குள் போனதே, அதில் தெரிந்துவிட்டது.

கதவருகில் அந்தக் குரல் கேட்டது. களைப்பான, நல்ல குரல். "தம்பி, உள்ள ஷீலான்னு ஒரு பொண்ணு மாத்திரைக்கு வந்திருக்கும். நான் அவ பெரியம்மா. கொஞ்சம் கூப்புடுறீங்களா?" துரைக்கண்ணு எங்களைத் திரும்பிப் பார்த்தார். கஸ்தூரி தலையை ஆட்டினாள், இல்லை என்று, ஒரே ஒரு தடவை. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். வாசல் நிலையில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றுகொண்டார். காக்கிச் சட்டை முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "தம்பி, கேக்குறேன்ல?" அவர் ஒரு கையை எடுத்துத் தன் வாயைக் காட்டினார், மூடியிருக்கிற வாயை, மறுபடி நிலையில் ஊன்றிக்கொண்டார். இந்த அறைக்கே பேச்சு கற்றுக்கொடுக்கிற மனிதர். "ஊமையா? பாவம்" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்புத்தானா என்று தெரியவில்லை. "அவருக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்று கஸ்தூரி மெல்லச் சொன்னாள். எழுந்து சிஸ்டரின் மேஜைக்குப் போனாள். மேஜைக்கு மேலே சுவரில் ஆஸ்பத்திரி போலீஸ் சாவடியின் நம்பர் பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஐந்து மாதமாக அதன் கீழேதான் உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிறாள். புகார் கொடு, புகார் கொடு என்று வக்கீலம்மா வந்து வந்து சொல்லும்போதெல்லாம், பேர் சொல்லணும்ல, ஊர் சொல்லணும்ல, நான் மாட்டேன் என்று எழுந்து போனவள். "போனைக் குடுங்க சிஸ்டர்." சிஸ்டரே எண்ணை அழுத்திக் கொடுத்தார். மறுமுனையில் யாரோ பெயர் கேட்டிருக்க வேண்டும். "அமுதவல்லி" என்றாள். ஃபைலில் ஒரே ஒரு தடவை நான் படித்த பெயர், அவள் வாயால் கேட்டதில்லை. அப்பா பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், பிறகு, "வந்திருக்கிறவ அடையாளம் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றாள். "வயசு அம்பது அம்பத்தஞ்சு. பச்சைப் புடவை, அத மாத்திருவா, அத விடுங்க. இடது கன்னத்துல காதோரமா மரு. மேல் வரிசையில ஒரு பல்லு தங்கம். வலது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறி இருக்கும், செருப்பக் கழட்டச் சொன்னாத் தெரியும்." நிதானமாக, ஒரு சொல் தடுக்காமல், பதிவேட்டில் எழுதுகிறவளுக்குச் சொல்வதுபோல். கதவில் காக்கி முதுகு அசையவில்லை. வெளியே ஆப்பிள் பை சரசரத்தது, பிறகு செருப்புச் சத்தம், முதலில் மெதுவாக. நான் கஸ்தூரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவேண்டிய பத்து நிமிஷம் முடிந்துவிட்டது, உதட்டையோ தொண்டையையோ பார்க்க வேண்டிய அவசியமில்லை. இடது புருவத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு மச்சம் இருக்கிறது. மயிருக்குள் பாதி மறைந்து, கறுப்பாக, மிளகு அளவுக்கு. பதிவேட்டில் அது இல்லை. இரண்டு கட்டத்துக்கும் கையையே எழுதியிருந்தேன். நூற்று ஐம்பத்தொரு நாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.